காட்டுக்குள் அனுப்புகிறவர் யார்?

சென்னை நங்கநல்லூர் இளைஞர்களின் கைப்பேசிகளில் ஒரு வகை அழைப்பு தொடர்ந்து வலம் வருகிறது. வெள்ளிக்கிழமை இரவு கத்திப்பாரா அருகே வேன் நிற்கும். சனிக்கிழமை காலை ஒரு பழங்கோட்டை, பிற்பகல் மலைப்பாதையில் கியர் சைக்கிள், ஞாயிறும் திங்களும் காட்டு நடை, இரவில் கூடாரம். சாப்பாடு, சைக்கிள் வாடகை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். பணம் செலுத்த வேண்டிய எண் தெளிவாக இருக்கிறது. பயணத்தை நடத்துபவரின் பதிவு எண் இல்லை. காட்டுக்குள் செல்ல அனுமதி அளித்த ஆணையின் எண் இல்லை. விபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது என்ற எண்ணும் இல்லை.

இப்பயணங்களைத் தடை செய்ய வேண்டும் என்று இவ்விதழ் கோரவில்லை. கல்லூரி மாணவர்களும், கிண்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் வேலை பார்க்கும் இளைஞர்களும் மலையையும் காட்டையும் தம் முன்னோர் கட்டிய கோட்டைகளையும் நேரில் பார்ப்பது நல்லது. ஆனால் பொறுப்பேற்க ஒருவர் இல்லாமல் அவர்கள் காட்டுக்குள் அனுப்பப்படக் கூடாது. இன்று அப்படித்தான் அனுப்பப்படுகிறார்கள். இதன் விலை என்ன என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. சென்னையிலிருந்து சென்ற ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து சென்ற இன்னொரு குழுவும் அந்தச் சரிவில் சிக்கின. சென்னைக் குழுவில் பெண்களே அதிகம். முந்தைய நாள் கொழுக்குமலைக்கு ஏறியவர்கள், அன்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். 9 பேர் அங்கேயே இறந்தார்கள். பலத்த தீக்காயங்களுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் அடுத்தடுத்த நாள்களில் ஒவ்வொருவராக இறக்க, பலியானோர் எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன் சரிவில் ஏறி, காயம்பட்டவர்களை டோலி கட்டித் தூக்கி வந்தவர்கள் அந்த ஊர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான்.

அவர்கள் சென்ற பாதைக்கு அனுமதி இருந்ததா என்ற கேள்வி தீ அணைந்த பிறகுதான் எழுந்தது. அந்தப் பாதையில் செல்ல அனுமதி பெறவில்லை என்றது அரசுத் தரப்பு. சோதனைச் சாவடியில் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போனோம் என்றார்கள் தப்பியவர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதே இதில் கவலைக்குரிய செய்தி. சாவடியில் கிழித்துக் கொடுக்கப்படும் சீட்டு, கட்டணம் வசூலானதற்கு அத்தாட்சி. எந்தப் பாதையில், எத்தனை பேர், யார் வழிகாட்டுதலில், எந்நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது அதில் இல்லை. பணம் கட்டியவர் அனுமதி கிடைத்துவிட்டதாக நம்புகிறார். கொடுத்தவர் தாம் அனுமதி எதுவும் தரவில்லை என்று பின்னர் சொல்கிறார். இந்த இடைவெளியில்தான் உயிர்கள் போயின.

தீ எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புல்மலையில் கால் வைப்பது ஆபத்து. மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிச் சரிவுகளில் பனிக்காலம் முடிந்ததும் போதைப்புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும். சரிவில் பற்றிய தீ மேல்நோக்கி ஓடும்போது, சுவாலை தனக்கு முன்னே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது காட்டுத்தீ அணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. மேட்டை நோக்கி ஓடும் மனிதனால் அதை முந்த முடியாது. பள்ளத்தில் இறங்கி ஒளிந்தாலும் புகையும் வெப்பமும் அங்கேயும் வரும். ஏற்கெனவே எரிந்து கரியான நிலத்துக்குள் நுழைவதே பெரும்பாலும் பிழைக்கும் வழி. இதை அறிந்த ஒருவர் குழுவோடு இருப்பதும் இல்லாததும்தான் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடு. நடைக்கென்று விற்கப்படும் பாலியெஸ்டர் சட்டை வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி உருகாது. கொண்டு வர வேண்டிய பொருள்களின் பட்டியலை அனுப்பும் ஏற்பாட்டாளர் இதைச் சொல்வதில்லை.

குரங்கணிக்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அதே 2018-ஆம் ஆண்டில் காடுகளிலும் வனவுயிர்ப் பகுதிகளிலும் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன. தீக்காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் நிறுத்தப்படுகிறது. 2024 அக்டோபரில் மாநில அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, இணையவழி முன்பதிவையும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளையும் ஏற்பாடு செய்தது. வழிகாட்டிகளில் மலைவாழ் மக்களும் இருக்கிறார்கள். காட்டை அறிந்தவருக்கே காட்டில் வேலை என்பது சரியான கொள்கை. முறையாக நடத்தினால் நடத்த முடியும் என்பதற்கு இது சான்று.

அப்படியென்றால் ஆபத்து எங்கே? அந்த 40 பாதைகளுக்கு வெளியே இருக்கிறது. மூன்று நாள், நான்கு நாள் பயணமாகக் கோட்டையையும் சைக்கிளையும் காட்டையும் ஒரே கட்டில் கட்டி விற்கும்போது, அதன் ஒரு பகுதிகூட முழுமையாக எந்த விதியின் கீழும் வருவதில்லை. கோட்டை ஒரு துறையின் பொறுப்பு. மலைச்சாலை இன்னொரு துறையின் பொறுப்பு. காடு மூன்றாவது துறையின் பொறுப்பு. கூடாரம் போடும் இடம் பெரும்பாலும் காட்டை ஒட்டிய பட்டா நிலம். அதற்கு ஊராட்சியோ வருவாய்த் துறையோ பதில் சொல்ல வேண்டும். பயணத்தை நடத்துபவர் சென்னையில் இருக்கிறார். கேள்வி கேட்டால் ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் தவறு நடக்கவில்லை என்று சொல்லலாம். அவ்வாறு சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். முழுப் பயணத்துக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

மாநில எல்லை இந்தச் சிக்கலை இன்னும் பெரிதாக்குகிறது. சென்னைக்கு அருகிலுள்ள காட்டு நடைப் பாதைகளில் சில தமிழ்நாட்டில் இல்லை. நாகலாபுரம் மலையும் தடா அருவிப் பகுதியும் ஆந்திரத்தில் இருக்கின்றன. சென்னையில் பணம் வாங்கி, சென்னையில் வேன் ஏற்றி, அதிகாலையில் எல்லையைக் கடந்து குழுக்கள் இறங்குகின்றன. தமிழ்நாட்டு விதி எல்லைப்புற ஊர்களான கும்மிடிப்பூண்டியோடும் ஊத்துக்கோட்டையோடும் நின்றுவிடுகிறது. எல்லைக்கு அப்பாலுள்ள வனச்சரகத்துக்கு இங்கிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியாது. ஒருவர் காணாமல் போனால் புகாரை எந்தக் காவல் நிலையத்தில் கொடுப்பது என்பதிலேயே முதல் சில மணி நேரம் கரைந்துவிடும். காட்டில் காணாமல் போனவரைத் தேடுவதில் முதல் சில மணி நேரத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

அனுமதியின்றி நுழைவதால் வரும் ஆபத்து தீ மட்டும் அன்று. 2020 ஜனவரியில் கோவை பாலமலைப் பகுதியில் நண்பர் குழுவாகக் காட்டுக்குள் நடந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, காட்டை ஒட்டிய தனியார் தங்குமிடத்தில் கூடாரத்தில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. இரண்டாவது சம்பவம் காட்டுக்குள் நிகழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காட்டை ஒட்டிய தனியார் இடம் என்றால் பாதுகாப்பு என்று பயணிகள் நினைக்கிறார்கள். யானைக்குப் பட்டா எல்லை கிடையாது. மாலையில் நீர்நிலை நோக்கியும், பலாவும் வாழையும் பழுக்கும் காலத்தில் தோட்டங்களை நோக்கியும் அது வரும் வழியை அந்த ஊர்க்காரர் அறிவார். சென்னையில் உட்கார்ந்து கூடாரத்துக்கு இடம் தேர்வு செய்பவர் அறிய மாட்டார்.

வெள்ளமும் அப்படியே. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று பாய்ந்த காட்டாற்று வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மழை கொட்டலாம். அது ஆயிரக்கணக்கானோர் கூடும், படிக்கட்டும் காவலும் உள்ள இடம். காட்டு நடையின் நடுவே, வழிகாட்டி இல்லாமல், பெயர் தெரியாத ஓடை ஒன்றைக் கடக்கும் பன்னிரண்டு பேரை எச்சரிக்க அங்கே யாரும் இல்லை.

பயணத்தின் முதல் நாளான பழங்கோட்டைக்கு வருவோம். இதுதான் ஆபத்தில்லாத பகுதி என்று கருதப்படுகிறது. அக்கருத்து தவறு. சென்னையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் மராத்தியர் காலத்துப் படைக்கோட்டைகள் வரிசையில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் இணைக்கும் மதில் பல கிலோமீட்டர் நீளம். ராஜகிரியின் உச்சிக்குச் செங்குத்தான படிகள். உச்சிக்குச் சற்று முன் ஆழமான பாறைப் பிளவு. அதைக் கடக்க ஒரு சிறு பாலம். நிழல் குறைவு. பகல் வெயிலில் கருங்கல் தகிக்கும். அங்கே வியர்த்து உடலின் நீரை இழந்தவரை அன்று பிற்பகலே சைக்கிளில் ஏற்றுகிறது இந்தப் பயணத் திட்டம். வெப்பத் தாக்குதல் கோட்டையில் தொடங்கி மலைச்சாலையில் மயக்கமாக முடியும். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் ஆபத்து தெரியாது.

கோட்டையில் மனிதருக்கு நேரும் கேடு ஒரு பக்கம். மனிதரால் கோட்டைக்கு நேரும் கேடு மறுபக்கம். 2019-இல் ஹம்பியில் சில இளைஞர்கள் விஜயநகர காலத்துக் கல்தூண்களைத் தள்ளிச் சாய்க்கும் காணொளி பரவியது. நீதிமன்றம் அவர்களுக்கு அபராதம் விதித்ததோடு, சாய்த்த தூண்களை அவர்களே மீண்டும் நிறுத்த வேண்டும் என்றும் ஆணையிட்டது. அது நல்ல தீர்ப்பு. ஆனால் எல்லாச் சிதைவும் அப்படிச் சரிசெய்யக் கூடியது அன்று.

இதற்கு நமக்கு மிக அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பது முதன்முதலில் தெரிந்தது நங்கநல்லூரின் பக்கத்து ஊரான பல்லாவரத்தில். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் அங்கே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கம் தொல்லிடத்தையும் கண்டார். அங்கே நடந்த பிற்கால அகழாய்வுகள் மனிதர் அங்கு கருவி செய்த காலத்தை 15 லட்சம் ஆண்டுகளுக்குக் கொண்டு சென்றன. அத்திரம்பாக்கத்துக்கு அருகே, பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த காட்டுக்குள் குடியம் குகைகள் இருக்கின்றன. தொல்லிடமும் காட்டு நடையும் ஒரே இடத்தில் அமைந்த தலம் அது. அரசு திறந்த 40 பாதைகளில் அதுவும் ஒன்று.

அப்படிப்பட்ட நிலத்தில் காலுக்கடியில் கிடக்கும் கூழாங்கல் எல்லாம் கூழாங்கல் இல்லை. இருபுறமும் செதுக்கப்பட்டு, விளிம்பில் அலை அலையாகச் சில்லு எடுத்த தடம் இருந்தால் அது கைக்கோடரி. உள்ளங்கைக்குள் அடங்கும் அழகு அதற்கு உண்டு. நினைவுப் பொருளாக அதைப் பையில் போட்டுக்கொள்பவருக்குத் தாம் திருடுவதாகத் தோன்றாது. ஆனால் எந்த மண்ணடுக்கில், எந்தக் கற்களோடு அது கிடந்தது என்ற செய்தி அந்த நொடியே அழிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது ஆய்வாளருக்குப் பயன்படாத வெறும் கல். ஜவ்வாது மலையில் குள்ளர் குகை என்று மக்கள் அழைக்கும் கற்திட்டைகளுக்கும் இதே நிலை. பலகைக் கல்லின் மேல் ஏறி நின்று படம் எடுப்பது அங்கே வழக்கமானால், பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் ஒவ்வொன்றாகச் சரியும். 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டமும், 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைத்தான் காக்கின்றன. காட்டுக்குள் அறிவிப்புப் பலகை இல்லாமல் கிடக்கும் நூற்றுக்கணக்கான இடங்களை, அங்கே போகிறவரின் அறிவும் கூடப் போகும் வழிகாட்டியின் கண்டிப்பும் மட்டுமே காக்க முடியும்.

சைக்கிள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்துக்கொண்டே வருபவரின் பிரேக் கட்டை சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியால் வருபவை. அடையாறிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சமதளத்தில் பழகியவருக்கு அந்தப் பயிற்சி இருக்காது. வாடகைச் சைக்கிளின் பிரேக் கட்டை கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டியவர் எந்தத் துறையைச் சேர்ந்தவர்? இன்று அப்படி ஒருவர் இல்லை. எதிரே வரும் பேருந்துக்கும் லாரிக்கும் இப்படி ஒரு குழு இறங்கி வருகிறது என்ற தகவலும் இல்லை.

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத ஒரு நிகழ்வு என்ன செய்யும் என்பதை நங்கநல்லூருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 5 அன்று, தர்மலிங்கேஸ்வரர் கோவில் தீர்த்தவாரியின்போது மூவரசம்பட்டு குளத்தில் ஐந்து இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். அது காடு அன்று, மலை அன்று. ஊரார் சூழ்ந்து நின்ற குளம். உதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆழம் குறிக்கப்படவில்லை, நீரில் இறங்கி மீட்கத் தெரிந்தவர் ஆயத்தமாக நிறுத்தப்படவில்லை என்ற கேள்விகள் அதன்பின்தான் எழுந்தன. வீட்டு வாசலிலேயே இது நேரும் என்றால், 108 ஆம்புலன்ஸ் வந்து சேர இரண்டு மணி நேரமாகும் மலையில், கைப்பேசிச் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் என்ன நேரும் என்பதை இவ்வூர்ப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுத் துறைகள் அதைவிட முன்னதாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு வழி உண்டா என்றால், உண்டு. பெரு நாட்டில் மச்சு பிச்சுவுக்குச் செல்லும் இன்கா நடைபாதை உலகப் புகழ் பெற்றது. பழங்கால இடிபாடுகளும் மலையும் மழைக்காடும் சேர்ந்த நான்கு நாள் நடை அது. சுமைதூக்குவோரையும் வழிகாட்டிகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. அனுமதிச் சீட்டு பயணியின் கடவுச்சீட்டு எண்ணோடு இணைந்தது. இன்னொருவர் அதைப் பயன்படுத்த முடியாது. மழை மிகுந்த பிப்ரவரி மாதம் முழுவதும் பாதை மூடப்படுகிறது. அந்நாட்டுக்குச் சுற்றுலா பெரும் வருவாய். அப்படி இருந்தும் அது கதவை மூடத் தயங்கவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 குடியரசு நாள் விடுமுறையில் கர்நாடகத்தின் குமார பர்வத மலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் குவிந்தார்கள். அந்தக் கூட்டத்தின் படங்கள் வெளியான சில நாள்களிலேயே, இணைய முன்பதிவு இல்லாத பாதைகளில் மலையேற்றத்தை அந்த மாநிலம் நிறுத்தி வைத்தது. உயிரிழப்புக்குக் காத்திருக்கவில்லை. கூட்டமே போதிய எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் எச்சரிக்கை கூட்டத்தின் வடிவில் வரவில்லை. சடலங்களின் வடிவில் வந்தது. ஆகவே நமக்குக் கடமை கூடுதல்.

பயணம் நடத்துவோர் ஒரு வாதத்தை முன்வைக்கிறார்கள். வருகிறவர்கள் வயது வந்தவர்கள். ஆபத்தை அறிந்து, நேர்வதற்குத் தாமே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டுத்தான் வருகிறார்கள் என்பது அது. இந்த வாதம் நிற்காது. ஆபத்தை அறிந்து ஏற்பது என்றால் முதலில் ஆபத்து சொல்லப்பட்டிருக்க வேண்டும். தீக்காலம் என்பதும், பாதைக்கு அனுமதி இல்லை என்பதும், வழிகாட்டி அந்த மலைக்கு முதல்முறை வருகிறார் என்பதும் மறைக்கப்பட்ட நிலையில் பெறப்படும் கையெழுத்து சம்மதம் ஆகாது. கட்டணம் வாங்கிய பின் அது சேவை. சேவையில் குறைபாடு இருந்தால் நுகர்வோருக்குச் சட்டம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்தையே தனியாக வரையறுத்திருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல தனிநபர் விபத்துக் காப்பீடுகள் சாகச விளையாட்டுகளில் நேரும் காயத்தை விலக்கிவைத்திருக்கின்றன. காப்பீடு உண்டு என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்தக் காப்பீடு, எதற்குப் பொருந்தும், எவ்வளவு என்று எழுத வேண்டும்.

கட்டுப்பாடு கூடினால் மலைவாழ் மக்களின் பிழைப்பு போகும் என்றும் சொல்லப்படுகிறது. நடப்பது நேர்மாறானது. முறையற்ற பயணங்களில் ஒட்டுமொத்தக் கட்டணமும் நகரத்தில் வசூலாகிறது. மலையில் இருப்பவருக்குக் கிடைப்பது ஒரு வேளைச் சமையல் கூலியும், கூட்டம் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் குப்பையும். தீப்பிடித்தால் அணைக்க ஓடுபவரும் அவரே. தீத்தடுப்புக் கோடு வெட்டுவதிலும், காட்டு வழியை அறிவதிலும், ஆபத்தில் தூக்கி வருவதிலும் அவருக்கு ஈடில்லை. அந்த அறிவுக்கு உரிய ஊதியமும் உரிமமும் காப்பீடும் கிடைக்க வேண்டும் என்றால் பயணங்கள் பதிவுக்குள் வந்தாக வேண்டும்.

இப்போது பொறுப்புக்கு வருவோம். சாகசச் சுற்றுலா நடத்துவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. பதிவு செய்யாதவர் அழைப்பு அனுப்பி ஆள் சேர்க்கும்போது அவரைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது தெளிவாக இல்லை. 2018-இல் தேசிய அளவில் வெளியான சாகசச் சுற்றுலா நெறிமுறைகள் விரிவானவை. ஆனால் நெறிமுறை மீறினால் தண்டனை இல்லை. ஆகவே சுற்றுலாவை வளர்க்கும் துறை, காட்டைக் காக்கும் துறை, தொல்சின்னங்களைக் காக்கும் துறை, மாவட்ட நிர்வாகம் ஆகிய நான்கும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். எழுந்திருக்கும்போது இப்பயணங்களுக்குப் பொறுப்பான ஓர் அதிகாரியின் பதவி அரசாணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட நாள் நீளும் எந்தச் சாகசப் பயணத்துக்கும் ஒரே அனுமதி ஆணை வேண்டும். நடத்துபவரின் பதிவு எண், வழிகாட்டியின் பெயர், பங்கேற்பவர் ஒவ்வொருவரின் பெயரும் இரத்த வகையும், நாள் வாரியாகப் பாதை, தங்குமிடம், திரும்ப வேண்டிய நேரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அதன் நகல் அந்தந்த வனச்சரகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கும் புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். குறித்த நேரத்தில் குழு திரும்பவில்லை என்றால் தேடல் தானாகத் தொடங்க வேண்டும். உறவினர் ஒருவர் வந்து அழுது புகார் கொடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

அந்த ஆணை இல்லாதவருக்குச் சோதனைச் சாவடியில் நுழைவுச் சீட்டு கிழிக்கப்படக் கூடாது. குரங்கணியில் தப்பியவர்கள் சொன்னதை இனி ஒருவரும் சொல்ல நேரக் கூடாது. தீக்காலத் தடை காட்டுக்குள் மட்டும் நின்றுவிடாமல், காட்டை ஒட்டிய பட்டா நிலக் கூடாரங்களுக்கும் அங்கே மூட்டப்படும் இரவுத் தீக்கும் நீள வேண்டும். ஆந்திரம், கேரளம், கர்நாடகம் ஆகிய அண்டை மாநிலங்களோடு பயணிகள் விவரத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பாடு வேண்டும்.

குடும்பங்களும் நிறுவனங்களும் அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஊழியர்களை ஒன்றாக வெளியூர் அனுப்பும் அலுவலகங்கள், பதிவு எண்ணும் காட்டு அனுமதியும் காட்டாத ஏற்பாட்டாளருக்குப் பணம் தரக் கூடாது. கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். வீட்டிலிருந்து புறப்படும் பிள்ளையிடம் பெற்றோரும் அந்தப் பதிவு எண்ணையும் காட்டு அனுமதியின் நகலையும் கேட்க வேண்டும். காட்ட முடியவில்லை என்றால் அந்தப் பயணம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. பிள்ளை கோபித்துக்கொண்டால், அரசு திறந்து வைத்த 40 பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தரலாம்.

தீக்காலம் பிப்ரவரி 15-இல் தொடங்குகிறது. அதற்கு முன், பதிவு பெற்ற ஏற்பாட்டாளர்களின் முழுப் பட்டியல் தமிழில் வெளியாக வேண்டும். இணையத்தில் மட்டுமின்றி, கத்திப்பாராவிலும் கிண்டியிலும் தாம்பரத்திலும் வேன்கள் ஆளேற்றும் இடங்களில் பலகையாக நிற்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் ஆள் சேர்த்தால் புகார் அளிக்க ஒரு தொலைபேசி எண் அதன் அடியில் இருக்க வேண்டும். அந்த எண்ணை அழைத்தால் எடுத்துப் பேச ஆள் இருக்க வேண்டும்.